முக்கூடல் நெல்லைநாயகம் (64) சிக்கனமாக வாழ்கிறார்

அக்டோபர் 7, திங்கள்

காலையில் சித்ரலேகா பேசினாள். நான் நிருபர் வேலையில் இருந்தபோது பயிற்சிக்கு வந்த பெண். இப்போது பத்திரிகையின் மாணவர் இணைப்பு அவள் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் 'வாரம் ஒரு வினையடை' என்று ஒரு பகுதி தொடங்குகிறாளாம். ஓர் ஆங்கில வினையடை, அதன் பொருள், அதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது, கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்.

"முதல் சொல் நீங்க எழுதுங்க சார். நீங்க எழுதுனதுல நான் ஒரு எழுத்துகூடத் தொட வேண்டியிருக்காது."

ஓய்வு பெற்று ஐந்து வருடத்துக்குப் பிறகு இப்படி ஒருத்தி சொன்னால் மறுக்க முடியுமா?

சொல்: 'ஃப்ரூகலி'. பொருள்: சிக்கனமாக. எழுதிவிட்டேன். மீதி இடத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மனைவி பிரம்மநாயகி கேட்டாள், "அதுக்குத் துட்டு தருவாங்களா?"

கேட்கவில்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியல."


அக்டோபர் 8, செவ்வாய்

எடுத்துக்காட்டு வாக்கியம் வரவில்லை. 'ராமு சிக்கனமாகச் செலவு செய்கிறான்' என்று எழுதினேன். எந்த ராமு? எந்த ஊர்? அவன் செலவு செய்ததை யார் பார்த்தது? அடித்துவிட்டேன்.

நடக்காத ஒன்றை முப்பத்து நான்கு வருடம் எழுதியதில்லை. என் செய்திக்கு ஒரு திருத்தம் வந்ததில்லை. ஒரு வினையடைக்காக அதை மாற்றிக்கொள்வதா?


அக்டோபர் 10, வியாழன்

பாளையங்கோட்டை போய் எலியேசர் சாரைப் பார்த்தேன். பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர், பழைய சிநேகிதர். சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிக்கனமாகன்னு ஒரு வார்த்தையில முடிச்சிராதேயும் வே. ஆள் எவ்வளவு வச்சிருக்கான்னு அந்தச் சொல் சொல்லாது. இருக்கதை எப்படிப் பொழங்குதான்னுதான் சொல்லும்."

வாழ்வது, சாப்பிடுவது, செலவழிப்பது போன்ற வினைகளோடு அது நன்றாக ஒட்டுமாம். பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வந்து உட்காருமாம். குறை சொல்லும் சொல் அல்ல, கொஞ்சம் பாராட்டின் பக்கம் சாய்வது. வேர் லத்தீன். பழம், பலன் என்ற பொருளில் தொடங்கியது.

"இல்லாம இருக்கது இல்ல வே அது. ஒண்ணுல இருந்து முழுப் பலனையும் எடுத்துருதது."

பேசிக்கொண்டே தட்டை நகர்த்தினார். ஆளுக்கு ஒரு பிஸ்கட்.

"இதுதானே அந்தச் சொல்?" என்றேன்.

"இது சுகர். டாக்டர் சொல்லிக் கொறச்சுத் திங்குதவனுக்கு அந்த வினையடை பொருந்தாது. முடிஞ்சும் கொறச்சு எடுக்கணும்."

"எனக்குச் சுகர் இல்லையே சார்."

யோசித்தார். "அப்ப உமக்கு வச்ச பிஸ்கட்டுக்கு அந்தச் சொல்லைப் போட்டுக்கிடும்."


அக்டோபர் 12, சனி

முக்கூடல் போய் வந்தேன். நெல்லைநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கு. எங்கள் மகள் மதுமதிக்கு மாமனார் ஆகப்போகிறவர். ஆவணியில் பூ வைத்தாயிற்று, கார்த்திகை பதின்மூன்றில் கல்யாணம். மாப்பிள்ளை மகேஷ் விளாத்திகுளத்தில் கால்நடை மருத்துவர், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தினமும் மதுமதியுடன் போனில் பேசுகிறார். மாடுகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மாட்டைப் பற்றிப் பேசி ஒரு பெண் இவ்வளவு சிரிக்க முடியாது.

மண்டபம் பற்றிப் பேசப் போனேன். போன இடத்தில் அந்த வினையடை நடமாடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு அவரே சமையல். குளியல் ஆற்றில். "ஆறு ஓடுதப்ப மோட்டார் எதுக்கு வே?" பத்திரிகை வாங்குவதில்லை. டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்தபின், மத்தியானத்துக்கு மேல், மடிப்புக் கலைந்த தாளை எடுத்துக் கடைசி வரி வரை படிக்கிறார். "காலையில படிச்சா மத்தவன் தோள் வழியா பாக்கணும். மத்தியானம்னா தாள் பூராவும் எனக்குத்தான்."

சாப்பாடு போட்டார். சோறு, சாம்பார், ரசம், அவியல், அப்பளம். எதிலும் குறை இல்லை. நான் போதும் என்று கையைக் காட்டியபோது ரசச் சட்டியில் கடைசிக் கரண்டி முடிந்திருந்தது. என் வயிற்றின் அளவு எனக்கே அவ்வளவு சரியாகத் தெரியாது.

போன் விஷயம்தான் கொஞ்சம் சிரமம். அண்ணாச்சி போனை எடுக்க மாட்டார். ரிங் விடுவார். முன்பு ஒரு தடவை எங்கள் வீட்டிலிருந்து ஊர் திரும்பியதும் ரிங் விட்டார். நிருபர் புத்தி, முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன். "எடுத்துட்டீரே வே!" என்று அந்தப் பக்கம் ஒரே வருத்தம். இன்று முறையை விளக்கினார். ஒரு ரிங் என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டு என்றால் எல்லாம் சுகம், கவலை வேண்டாம். மூன்று அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும்.

"இப்ப எவ்வளவு பேசினாலும் தனியாக் காசு கிடையாது அண்ணாச்சி," என்றேன்.

"காசுக்கு இல்ல வே. எடுத்தா பேசணும்லா."

வீட்டுக்கு வந்து ஒரு ரிங் விட்டேன். எடுக்கவில்லை. வாக்கியம் கிடைத்துவிட்டது.


அக்டோபர் 14, திங்கள்

கைவசம் இன்னொரு வாக்கியம் இருக்கட்டும் என்று, 'திருநெல்வேலி டவுணைச் சேர்ந்த பிரம்மநாயகி (58) எண்ணெயைச் சிக்கனமாக ஊற்றுகிறார்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அந்த அம்பத்தெட்டு எதுக்கு?"

"வயசு இல்லாம பேர் எப்படிப் போட?"

"பேப்பர்ல வயசைப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரதவீதியில நடக்க? எண்ணெயப் பத்தி எழுதுதியளா, என்னையப் பத்தி எழுதுதியளா?"

எடுத்துவிட்டேன். ஒரு வாக்கியம் போதும். அண்ணாச்சியின் வயதை மதுமதியிடம் கேட்டேன், அவள் மகேஷிடம் கேட்டுச் சொன்னாள். அறுபத்து நான்கு. மகன் வாயாலேயே உறுதியான தகவல். எதற்கு என்று மதுமதி கேட்டாள். சனிக்கிழமை பார் என்றேன். அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. மத்தியானம் டீக்கடையில் அவரே பார்த்து மகிழட்டும்.

பெயர் வந்தால் படமும் வர வேண்டும். பூ வைத்த அன்று எடுத்த படம் ஒன்று இருந்தது. சம்பந்தி மரியாதைக்குப் போட்ட மாலை, நெற்றி நிறைய திருநீறு, நேர்ப்பார்வை. முகத்தையும் மாலையையும் மட்டும் நறுக்கி அனுப்பினேன். தெளிவான படம்.


அக்டோபர் 19, சனி. காலை

வந்துவிட்டது. வலது மூலையில், கட்டம் கட்டி, படத்தோடு. ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை: 'முக்கூடலைச் சேர்ந்த நெல்லைநாயகம் (64) சிக்கனமாக வாழ்கிறார்.' சித்ரலேகா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். ஓர் எழுத்து தொடவில்லை.

காப்பியோடு வந்த பிரம்மநாயகியிடம் நீட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயய்யோ! அண்ணாச்சிக்கு என்னாச்சு? எப்ப?"

"என்ன எப்ப?"

"பேரு, ஊரு, வயசு, மாலை போட்ட படம், சுத்திக் கறுப்புக் கோடு. நீங்களே கொண்டாந்து நீட்டிட்டு என்னைய எப்பன்னு கேக்கிய!"

தாளைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தேன்.

பேருக்குப் பின்னால் வயது போட்டு நான் எழுதிய சாதாரண மனிதர்களை எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். ஆற்றில் போனவர். லாரி மோதியவர். பூச்சிமருந்து குடித்தவர். கைதானவர். நல்லபடியாக இருக்கிறவர் ஒருத்தர்கூட நினைவுக்கு வரவில்லை.

'வாழ்கிறார்' என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். வாக்கியத்தின் கடைசிச் சொல் அது. அவ்வளவு தூரம் யார் வாசிக்கிறார்கள்?

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்று ரிங் தாண்டியும் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.


அதே நாள். மாலை

மகேஷ் வழியாக மதுமதிக்கு வந்தது, அவள் வழியாக எனக்கு வந்தது:

டீக்கடையில் முதலில் பார்த்தவர் அடுத்தவரிடம் காட்டியிருக்கிறார். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அண்ணாச்சிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். போன் வீட்டில் கிடக்கிறது, ஆள் ஆற்றில் குளிக்கிறார். எடுக்காததே செய்தியை உறுதி செய்துவிட்டது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவருடைய அக்கா உலகம்மாள் கார் பிடித்து, மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தெருமுனையில் இறங்கும்போதே, "ஏ எந்தம்பி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுகை. தெருவே கூடிவிட்டது. பின்னாலிருந்து ஈரத் துண்டோடு வந்த அண்ணாச்சி கேட்டிருக்கிறார்:

"எங்கக்கா போனேன்? குளிக்கத்தான போனேன்?"

அழுகை உடனே நிற்கவில்லையாம். அது பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றதாம். அக்கா அதே காரில் திரும்பிப் போய்விட்டார்.

அதன்பிறகுதான் கூட்டம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று எல்லா ஊர்ச் சொந்தமும் சாவுக்குத் துட்டி கேட்க வந்திருக்கிறது. துட்டி வீடென்றால் வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டியதில்லை. ஆள் உயிரோடு வாசலில் நின்றால் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் என்று மகேஷுக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் இரண்டு தடவை பாலுக்கு ஓடினார் என்பது மட்டும் உறுதி.

மதுமதி இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிரம்மநாயகி மட்டும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது.


அக்டோபர் 20, ஞாயிறு

மூன்று தடவை போன் போட்டேன். அண்ணாச்சி எடுக்கவில்லை.

கோபத்திலா, வழக்கத்திலா?


அக்டோபர் 21, திங்கள்

கோபம்தான். அண்ணாச்சியுடையது அல்ல, அக்காவுடையது. மகேஷுக்கு அம்மா இல்லாததால் அம்மா இடத்தில் நின்று எல்லாம் செய்ய வேண்டியவர் அத்தை உலகம்மாள். அவர் வராமல் முகூர்த்தம் இல்லை. அவர் மகேஷிடம் போனில் சொன்னதை மதுமதி அப்படியே சொன்னாள்:

"உசுரோட இருக்க தம்பிக்கு நடுத்தெருவுல என்னைய ஒப்பாரி வைக்க வச்சுட்டாரு அந்தப் பேப்பர்காரரு. தான் எழுதுனது தப்புன்னு அவரே அதே பேப்பர்ல போடட்டும். அதுவரைக்கும் கல்யாணம்னு ஒரு பேச்சு என் காதுல விழப்படாது."

சித்ரலேகாவிடம் பேசினேன். திகைத்துவிட்டாள்.

"என்ன தப்புன்னு சார் திருத்தம் போட? பேர் சரி, ஊர் சரி, வயசு சரி. வாழ்கிறாருங்கதும் சரிதானே?"

"சரிதான்."

"அப்ப நீங்களே உங்க வாக்கியம் தப்புன்னு எழுதிக் குடுங்க. போட்டுருதேன். வெள்ளிக்கிழம சாயங்காலம் பக்கம் முடிப்போம்."

தப்பில்லாத வாக்கியத்தைத் தப்பு என்று எழுதுவதா? முப்பத்து நான்கு வருடம்! யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.


அக்டோபர் 22, செவ்வாய்

மதுமதி வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறவள், முடங்கின காலை எல்லாம் நடக்க வைக்கிறவள், இன்று எழுந்திருக்கவில்லை. மத்தியானம் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க வாக்கியம் சரி. பேர் சரி, ஊர் சரி, எல்லாம் சரி. எனக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா, அதுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

பேனாவை எடுத்தேன். திருப்பிப் பையில் வைத்தேன்.

சாயங்காலம் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. முக்கூடல் எண். பாய்ந்து திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கூப்பிட நினைத்து, மனம் வராமல், வெட்டிவிட்டிருக்கிறார். அவ்வளவு வெறுத்துப் போயிற்று.

என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: பேரைப் போட்டோம், சரி. வயசு எதுக்குலே போட்ட? படம் எதுக்குலே? மாலை எதுக்கு? மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? 'ராமு'ன்னு எழுதித் தொலச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?


அக்டோபர் 23, புதன்

ஒருவேளை வாக்கியமே தப்புதானோ என்று ஒரு வழி தேடினேன். பத்தொன்பதாம் தேதி ஊருக்கெல்லாம் காப்பி ஊற்றியவர் சிக்கனமாக வாழ்கிறார் என்று எப்படிச் சொல்ல முடியும்? அன்று காலை வாக்கியம் வந்தது, மத்தியானத்துக்குள் பொய்யாகிவிட்டது. எலியேசர் சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"செல்லாது வே. டாக்டருக்குப் பயந்து கொறச்சுத் திங்குதவனுக்கு அந்தச் சொல் பொருந்தாதுன்னேம்லா? வேற வழியில்லாம ஊத்துனவனுக்கு ஊதாரின்னு பேர் வைக்கவும் முடியாது. உம்ம வாக்கியம் அப்படியேதான் நிக்கி."

சிநேகிதர் சரியாக இருந்து தொலைக்கிறார்.


அக்டோபர் 24, வியாழன்

காலையில் மதுமதி அறைப் பக்கம் போனேன். போனில் மகேஷோடு பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பு இல்லை. மாட்டைப் பற்றித்தான் பேசினாள். ஏதோ கோமாரி ஊசி.

திரும்பி வந்து எழுதினேன்:

'சென்ற சனிக்கிழமை இந்தப் பகுதியில் வெளியான எடுத்துக்காட்டு வாக்கியம் தவறானது. வருந்துகிறேன்.'

பேர் இல்லை, வயது இல்லை, படம் இல்லை. சித்ரலேகாவுக்கு அனுப்பினேன். "கண்டிப்பாப் போடணுமா சார்?" என்று கேட்டாள். போடு என்றேன்.

நான் எழுதிய முதல் பொய். பத்துச் சொல்கூட இல்லை. சிக்கனமாகத்தான் வந்திருக்கிறது.


அக்டோபர் 25, வெள்ளி

மாலை நாலு மணிக்கு வாசலில் நிழல். நெல்லைநாயகம் அண்ணாச்சி. கையில் கம்பி ஒடிந்த குடை.

"ரதவீதியில கொடைக்குக் கம்பி மாத்தணும். அப்படியே உம்மையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பிரம்மநாயகி தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் முழுவதும் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"திருத்தம் போடப் போறீராமே? காலையில மகேஷ் மூணு ரிங் விட்டான், எடுத்தேன்."

"நாளைக்கு வந்துரும் அண்ணாச்சி. அக்காகிட்ட சொல்லி…"

"நிறுத்தும்."

"எதை?"

"திருத்தத்தத்தான். மறுபடி எதையாவது போட்டீருன்னா மறுபடி வருவானுவ வே. மறுபடி காப்பி போட எனக்குத் தெம்பு கிடையாது."

"பேரே போடல அண்ணாச்சி. ஒரே ஒரு வரி."

"போன வாரமும் ஒரு வரிதான்."

அக்கா கேட்டது அதைத்தானே என்றேன்.

"அக்காகிட்ட திங்கக்கெழம ராவே போய்ப் பைய சொல்லிட்டேன். இப்ப நீ அழுதது நம்ம தெருவுக்குத்தான் தெரியும். தப்புன்னு பேப்பர்ல போட்டா, என்ன தப்பு, யாரு அழுதான்னு நாலு ஊருக்காரன் கேப்பான். போடச் சொல்லட்டுமான்னேன். வேண்டாம்னுட்டா. அதை அவ வாயால மகேஷ்கிட்ட சொல்லுவாளா? ரோசக்காரில்லா."

கதவுக்குப் பின்னால் மதுமதியின் நிழல் தெரிந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்ப கல்யாணம் அண்ணாச்சி?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "அதை எப்படி வே நிறுத்த? அழைச்சாச்சே."

"யாரை?"

"எல்லாரையும்தான்."

அப்புறம்தான் வந்தது, அவர் வழக்கத்துக்கு அது நீண்ட பேச்சு. கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து போன வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறது. நேரில் போய் அழைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் வர மாட்டார்கள், வந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஊர் ஊராகப் பஸ் ஏறி இறங்க இரண்டு வாரம் ஆகுமே என்று மலைத்துப்போய்ப் படுத்திருக்கிறார். விடிந்து ஆற்றிலிருந்து வந்தால் எல்லா ஊரும் வாசலில் நிற்கிறது.

"அக்கா போனதும் ஒரு நிமிஷம் யோசிச்சேன் வே. உள்ள போய்க் குங்குமச்சிமிழையும் பத்திரிகைக் கட்டையும் எடுத்துட்டு வந்தேன். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பத்திரிகை. மூணு வீடு தவிர எல்லாம் முடிஞ்சுது."

"துட்டிக்கு வந்தவங்ககிட்டயா?"

"துட்டிதான் இல்லையே, ஆள்தான் இருக்கேனே. நேர்ல வந்து அழைக்கலன்னு ஒருத்தன் மொகத்தச் சுளிக்க முடியுமா? கையில மாலையோட நிக்கான்." ஒடிந்த குடையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கினார். "இனி நிறுத்தணும்னா ஒவ்வொரு வீடாப் போயி, கல்யாணம் இல்லன்னு சொல்லணும். அந்தப் பஸ்ஸெல்லாம் யாரு ஏறி இறங்க? கல்யாணத்தையே நடத்திரலாம். அதுதான் செட்டு, அலைச்சலும் மிச்சம் துட்டும் மிச்சம்."

ஒன்றிலிருந்து முழுப் பலனையும் எடுப்பது என்றார் எலியேசர் சார். தன்னுடைய சாவுச் செய்தியிலிருந்து ஒரு மனிதன் இவ்வளவு பலன் எடுத்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

"ஒரு வாரமா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி," என்றாள் பிரம்மநாயகி. தாங்க முடியவில்லை அவளுக்கு.

அண்ணாச்சிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "செவ்வாய்க்கெழம ரெண்டு ரிங் விட்டேனேம்மா? அதுக்கு மேல என்ன சொல்ல?"

பிரம்மநாயகி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை வருணிக்கப்போவதில்லை.

"மணி என்ன வே? பக்கத்த மூடிருவாங்களாமே, போனப் போடும்," என்றார் அண்ணாச்சி. போட்டேன். சித்ரலேகா முதல் ரிங்கில் எடுத்தாள். நான் பயிற்சி கொடுத்த பெண்.

"எடுத்துருதேன் சார். அந்த இடத்துல என்ன போட?"

"ஒண்ணும் போடாதே. வெள்ளையா விடு."

அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்தார். "இடத்த வீணாக்காதீங்கன்னு சொல்லும். இன்னொரு சொல்லப் போடட்டும்."


அக்டோபர் 26, சனி

திருத்தம் வரவில்லை. அந்த மூலையில் 'பேஷன்ட்லி', பொறுமையாக. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'ராமு' இருக்கிறான். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.


நவம்பர் 28, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முக்கூடல் பக்கத்துச் சொந்தம் ஒருத்தர் விடாமல் வந்தார்கள். வாசலில் நின்று வரவேற்ற அண்ணாச்சியின் கையைச் சிலர் தேவைக்கு அதிகமாகவே பிடித்துப் பார்த்தார்கள். தாலி கட்டும்போது உலகம்மாள் அக்கா அழுதார். அண்ணாச்சி குனிந்து, "இப்பத் தாராளமா அழுக்கா" என்றார்.


நவம்பர் 29, வெள்ளி

இன்று எங்கள் வீட்டில் சொதிச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் போட வேண்டிய விருந்து. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, கூட இஞ்சித் துவையல். அண்ணாச்சி வருவாரே என்று பிரம்மநாயகி நேற்றே கவலைப்பட்டாள். "அளந்து வைக்கணுமோ? மிஞ்சுனா தப்பா நெனைப்பாரோ?"

முதல் தடவை ஊற்றினேன். இரண்டாம் தடவை அவரே சைகை காட்டினார். மூன்றாம் தடவை சோற்றில் குழி பறித்து அதற்குக் கரையும் கட்டினார். பக்கத்து இலையில் எலியேசர் சார், என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, அந்த வாக்கியம்…" என்றேன்.

"அது வாழுததுக்கு வே. சொதிக்கு அதைப் போடப்படாது. ஊத்தும்."

எலியேசர் சார் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். ஒரு வினையடை எந்த வினைகளோடு சேராது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டதாம்.

ஐந்து மணிக்கு எல்லோரும் முக்கூடலுக்குக் கிளம்பினார்கள். மதுமதி காரில் ஏறும்முன் என் சட்டைப் பையில் சாய்ந்திருந்த பேனாவை நேராக வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் சத்தமே இல்லை. ஆறரைக்குப் போன் அடித்தது. கை பாய்ந்தது. பிடித்து நிறுத்தினேன். ஒரு ரிங்கோடு நின்றுவிட்டது.

"யாரு?" என்று அடுக்களையிலிருந்து குரல்.

"மதுமதி. போய்ச் சேந்துட்டா."

"என்ன சொன்னா?"

"அதான், சொல்லிட்டா."

பிரம்மநாயகி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.